ஸ்டோர் ரூமுக்கு ஒரு ரேக்

மார்ச் 3

இன்ஜினியரம்மாவுக்கு,

நீ அங்கே மலையைக் குடைகிறாய். நான் இங்கே வீட்டைக் குடையத் தொடங்கியிருக்கிறேன். ஹாலில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களையும் கிளப்பிவிடப் போகிறேன்.

பார்வையற்றோர் பள்ளிக்கு நான் படித்துப் பதிவு செய்து அனுப்பிய வரலாற்றுப் பாடம் திரும்பி வந்துவிட்டது. "சார், உங்க குரலுக்குப் பின்னாடி யாரோ தலை காயவைக்கிற மிஷின் ஓட்டுறாங்க" என்றார் பள்ளி மேலாளர். அது நம் கம்ப்யூட்டர் ஃபேன்தான். எனக்குப் பழகிப்போய் காதில் விழுவதே இல்லை. மைக்குக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

அதனால் மூன்றையும் ரேக் என்கிற இரும்புச் சட்டத்தில் மாட்டும் கேஸுக்கு, அதாவது தட்டையான பெட்டிக்கு மாற்றி, ரேக்கை ஸ்டோர் ரூமில் நிறுத்தி, ஒயர் மட்டும் ஹாலுக்கு இழுத்துக்கொள்வது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். ரேக்கில் உயரத்தை 'யூ' என்று அளக்கிறார்கள். ஒரு யூ நாலரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று இரண்டு யூ கேஸ் வாங்கினால் மோசம் போய்விடுவோம். அதற்குள் சின்ன ஃபேன்தான் அடங்கும், அது உயிரைக் கொடுத்துச் சுற்றும், கொசு மாதிரி கத்தும். நான்கு யூ என்றால் அகலமான ஃபேன் வைக்கலாம். மெதுவாகச் சுற்றினாலே போதும்.

உன் சளி எப்படி இருக்கிறது? சுரங்க ஈரத்தில் ஸ்வெட்டர் போடாமல் திரியாதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 10

என்னங்க,

சளி போய்விட்டது. ஸ்வெட்டரும் போடுகிறேன்.

ஸ்டோர் ரூம் சரிப்படாது. அதில் ஜன்னல் கிடையாது. மூன்று கம்ப்யூட்டரை வைத்துக் கதவைச் சாத்தினால் சூடு எங்கே போகும்? பாப்பாவின் அறை சும்மாதானே கிடக்கிறது? அவள் கோபித்துக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. நமக்கு இருக்கும் ஒரே மகள், அவளும் திரும்பி வரப் போவதாகத் தெரியவில்லை. அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறது, ஹாலில் இருந்து தள்ளியும் இருக்கிறது. மைக்குக்கு அதைவிட நல்ல இடம் எது? இந்த வீட்டின் பிளானை வரைந்தவள் நான். எந்த அறை எதற்கு ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஸ்விட்ச் போர்டைத் தொடுவதற்கே செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிற ஆள் நீங்கள். ஃபேன் அளவு, கேஸ் உயரம் எல்லாம் எப்போது படித்தீர்கள்?

"நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் என்றால் யார்?


மார்ச் 15

இன்ஜினியரம்மாவுக்கு,

சைட்டில் கான்ட்ராக்டரை விசாரிக்கிற மாதிரியே விசாரிக்கிறாய். 'நாங்கள்' என்றது வாய் தவறி வந்தது. இல்லை, கை தவறி. நானும் என் கம்ப்யூட்டர்களும் என்று வைத்துக்கொள்ளேன்.

பாப்பாவின் அறை வேண்டாம். அங்கே சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது. ஸ்டோர் ரூம் கதவுக்கு மேலே ஒரு காற்றாடி பொருத்திச் சூட்டை வெளியே தள்ளிவிடலாமாம்.

எனக்கு விஷயம் தெரிந்த ஒரு நண்பர் கிடைத்திருக்கிறார். ரேக் வேலையே பார்க்கிறவர். அவர் சொல்வதைக் கேட்டால் நீயே பாராட்டுவாய். கேஸின் ஆழத்தை மட்டும் பார்த்து ரேக் வாங்கக் கூடாதாம். பின்னால் ஒயர் வளைந்து திரும்ப ஒரு சாண் இடம் வேண்டும். அதை மறந்துவிட்டு வாங்கியவர்கள் பின்கதவைச் சாத்த முடியாமல் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறார்களாம். முன்னால் நான்கு ஸ்க்ரூவில் மட்டும் கேஸைத் தொங்கவிடக் கூடாது, அடியில் தாங்க ஒரு தட்டு வேண்டும். இழுத்தால் வெளியே வரும் ஸ்லைடு வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும்விடக் கனமான பெட்டி அடித்தட்டில்தான் இருக்க வேண்டும். மேலே கனம் ஏறினால் ரேக் ஆளை அடித்துவிடும். ரேக்கையும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும். இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் 'யூ'வை 'நீ' என்று மொழிபெயர்த்து, "நமக்கு நாலு நீ வேணும்" என்றேன். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 22

என்னங்க,

இரண்டு விஷயம்.

பாப்பாவின் அறைக்கு ஒரு பக்கம் மாடிப்படி, ஒரு பக்கம் நடைவழி, ஒரு பக்கம் நம் படுக்கையறை. நான்காவது சுவர் வெயில் விழும் வெளிச்சுவர். எந்தக் குழாயும் அந்தப் பக்கம் போகவில்லை. ஈரம் எங்கிருந்து இறங்கியது? பொய் சொல்வதென்றால் பிளான் வரைந்தவளிடம் சுவரைப் பற்றிச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது. "நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார்." இதில் கடைசி எழுத்தின் மேல் பேனாவை இரண்டு தடவை ஓட்டியிருக்கிறீர்கள். ஆபீஸ் ஹால் விளக்குக்கு நேராகத் தாளைப் பிடித்துப் பார்த்தேன். 'ர்'க்கு அடியில் 'ள்' இருக்கிறது.

சிரித்தாள்.

யார் அவள்?

தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்ல நேற்று மாடி வீட்டம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது என்றாலும் விவரமான ஆள். "உங்க வீட்டுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் வந்திருக்காங்களா? கொடியில பொம்பளத் துணி காயுதே" என்று கேட்டார். "ஆமா, சொந்தக்காரங்கதான்" என்று உங்களுக்காக நானே பொய் சொன்னேன். என் பக்கத்தில் சர்வேயர்கள் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். செல்போன் சிக்னல் எட்டாத இந்த சைட்டில் இருக்கும் ஒரே போனில் உங்களைக் கூப்பிட்டு, நாலு பேர் கேட்கும்படி இதைப் பேச என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்களும் எழுத்திலேயே பதில் சொல்லுங்கள். திருத்தாமல் எழுதுங்கள்.


மார்ச் 28

உனக்கு,

கேலி செய்ய எனக்கும் மனசில்லை.

பெண்தான். வீட்டில்தான் இருக்கிறாள். நீ நினைப்பது மாதிரி இல்லை. இதற்கு மேல் எழுத முடியாது. சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்பதுதான் அந்த வாக்கே. இப்படி எழுதினால் எப்படித் தோன்றும் என்று தெரிகிறது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மாடி வீட்டம்மாவை வைத்து என் கொடியை வேவு பார்க்கிறாய் என்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனைவிட ஒரு கொடித் துணியை நம்புகிறாயே.

ரேக் வந்து இறங்கிவிட்டது. இடுப்பு உயரம், கதவு இல்லாத திறந்த சட்டம். இறக்கிய ஆட்கள் ஒரு பக்கமாகச் சாய்த்தபோது நான் கத்திய கத்தலில் அவர்கள் பயந்துவிட்டார்கள். இன்னும் தரையில் துளை போடவில்லை. போல்ட் இறுக்கும் வரை அதில் ஒரு பெட்டிகூட ஏற்ற மாட்டேன். அது எனக்கு இட்ட உத்தரவு.

கொஞ்சம் பொறுத்துக்கொள். கேட்பதற்கு எனக்கு வேறு எதுவும் இல்லை.


ஏப்ரல் 5

நான் வந்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை. சொல்லாமல் வந்தால்தான் எதையாவது பார்க்க முடியும் என்று, சாமான் ஏற்ற வந்த வேனில் ஏறி, அடிவாரத்தில் பஸ் பிடித்து, சாயங்காலம் நம் தெருவுக்கு வந்தேன். வாசல் பக்கம் வரவில்லை. பக்கத்துச் சந்தில் நின்றேன். சமையலறை விளக்கு எரிந்தது, ஜன்னல் திறந்திருந்தது.

அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்கு மேலே கத்தரித்த முடி. உங்கள் சட்டை. என் தம்பி வாங்கித் தந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. நீங்கள் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவளுக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் நீங்களும் வாயைத் திறந்தீர்கள். ஒரு தடவை அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் ஏதோ சொன்னீர்கள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது. வாயோரத்தைத் துடைத்துவிட்டீர்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறிடப் போகுது, எழுந்து குடிச்சிடு" என்றுவிட்டு மைக் முன்னால் போய் உட்கார்ந்த ஆள் நீங்கள்.

கதவைத் தட்டிச் சண்டை போடத்தான் வந்தேன். தட்டவில்லை. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை. ரேக்தான் வந்து இறங்கிவிட்டதே. இருவரும் சேர்ந்து மாட்டுங்கள். என் புத்தகங்களையும் வரைபலகையையும் எடுத்து வர ஆள் அனுப்புகிறேன். அன்றைக்கு மட்டும் அவளை வெளியே போயிருக்கச் சொல்லுங்கள்.


ஏப்ரல் 9

நான் கொடுத்த வாக்கை உடைக்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் உடைக்கிறேன்.

நீ பார்த்தது நம் பாப்பாவை.

உட்கார்ந்து படி. பயப்படும்படி இப்போது எதுவும் இல்லை. பிப்ரவரி நடுவில் வேலை இடத்தில் அவளுக்கு விபத்து. கம்ப்யூட்டர் நிறுத்தும் பெரிய கூடம் ஒன்றில் ஆள் உயரத்துக்கு மேல் ரேக்குகளை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு ரேக்கைத் தரையோடு இறுக்குவதற்கு முன்பே பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். கூட வேலை செய்தவன் மேல்தட்டில் இருந்த கனமான பெட்டிகள் இரண்டை ஒரே நேரத்தில் ஸ்லைடோடு வெளியே இழுத்திருக்கிறான். ரேக் முன்னால் சாய்ந்தது. அவன் அடியில் நின்றான். இவள் ஓடிப் போய் அதைப் பிடித்திருக்கிறாள். இரும்பைக் கையால் பிடிக்க முடியுமா? அவன் தப்பிவிட்டான். இவளுக்கு வலது கை விரல்கள் நொறுங்கிவிட்டன, இடது பக்கம் காறை எலும்பு முறிந்துவிட்டது. இரண்டுக்கும் ஆபரேஷன் ஆனது. இரண்டு கையும் கட்டில் இருப்பதால்தான் ஊட்டினேன். சட்டையும் அதனால்தான், அவள் மேல்சட்டை எதுவும் கட்டுக்கு மேல் நுழையவில்லை. தானே தலை வார முடியாது என்று முடியையும் ஆஸ்பத்திரியிலேயே கத்தரிக்கச் சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்து நர்ஸ் போன் போட்டுக் காதில் வைக்க, அவள் முதலில் சொன்னது, "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா." ஏன் என்று கேட்டேன். "அன்னிக்கே சொன்னேன்லனு சொல்வாங்க. அதை இப்போ கேக்க என்னால முடியாது."

அந்தச் சண்டை உனக்கு மறந்திருக்காது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரேக் மாட்டும் வேலைக்குப் போகிறேன் என்றாள். நீ, "பொட்டி தூக்கித்தான் பொழைக்கணும்னா போ" என்றாய். அவள், "அம்மா இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் நான் உள்ள கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் டாக்சியில் கூட்டி வந்தபோது வாசலில் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "அம்மா இருக்காங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ வரேன்" என்றாள். சொன்ன சொல்லை உன்னை மாதிரியே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்.

வந்த புதிதில் பேசவே மாட்டாள். ஹாலில் அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தனவே, அந்தப் பக்கம் நடக்கவே பயப்பட்டாள், சுவரை ஒட்டிக்கொண்டு போவாள். பாடம் திரும்பி வந்ததும் நான் சும்மா கேட்டேன், "இதுங்களை என்னடா பண்ணலாம்?" அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்தக் கேஸ், எத்தனை ஆழம், எங்கே தட்டு, எங்கே காற்று என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். விழாத ரேக் ஒன்றை அவள் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதுதான் விஷயம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவளுடைய அறையில் அவளே இருக்கிறாள். அதனால்தான் ரேக் ஸ்டோர் ரூமுக்கு.

நீ வந்து சந்தில் நின்றுவிட்டுப் போனாய் என்று சொன்னேன். "உள்ள வரலையா?" என்று மட்டும் கேட்டாள்.


ஏப்ரல் 14

என்னங்க,

முதலில் நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டதும் புதுக் கதை கட்டுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், நம்பாமல் இருப்பதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. அங்கே இருந்தது வேறொருத்தி என்றால் நான் கோபப்பட்டால் போதும். பாப்பா என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சர்வேயர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும் என்று பேசினேன். அவள் பேரையும் வயதையும் சொன்னதும், "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "அம்மா" என்றேன். "அப்பாதானே கூட இருந்தார்" என்றார்கள்.

எவ்வளவு நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன் தெரியுமா? தோள் குலுங்கினது தெரிந்தது, சட்டைக் கட்டம் தெரிந்தது. அது என் பிள்ளை என்று தெரியவில்லை. சுவரில் மயிரிழை விரிசல் விட்டால் தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவேன் என்று இங்கே எல்லோரும் மெச்சுகிறார்கள்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. இப்படி ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு, கொசு மாதிரி கத்தும் ஃபேனைப் பற்றி எனக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

சண்டையில் நான் இன்னொன்றும் சொன்னேன். நீங்கள் அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். "கை கால் உடைஞ்சாத்தான் உனக்கு புத்தி வரும்" என்றேன். அது அவளுக்கு நினைவிருக்கும். அவள் எதற்குப் பயந்தாள் என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன். நான் வருகிறேன் என்று தெரிந்தால் அவள் உடைந்த கையோடு பெட்டி கட்டுவாள், அதனால் இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்: நான் வீட்டுக்கு வரவில்லை. அவள் சொன்ன சொல்லை எனக்காக உடைக்க வேண்டாம். மாடி வீட்டம்மாவின் முன்னறையில் தங்கிக்கொள்கிறேன், கேட்டுவிட்டேன். "கீழ இருக்கிற பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் மறுபடியும். "என் மக" என்றேன். அதைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று.

போல்ட்டுக்குத் துளை போடுவதை நிறுத்தி வையுங்கள். நீங்கள் போட்டால் ஓட்டை கோணலாகப் போகும். அவள் இடத்தைக் காட்டட்டும், நான் போடுகிறேன். அவளுக்கு வேண்டாம் என்றால் வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டும்.


ஏப்ரல் 20, சாயங்காலம்

இன்ஜினியரம்மாவுக்கு,

நமக்கு நடுவில் இப்போது ஒரு தளம்தான். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

நீ மாடியில்தான் தங்குவாய் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன், ஆனால் காலையில் நீ வந்ததை நான் சொல்லவே இல்லை. மேலே நடந்தாய். பாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "அம்மாதான். குதிகாலை ஊனித்தான் நடப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாய்கூட வாங்கவில்லை. பகல் முழுக்க நீ எங்கே நடக்கிறாயோ அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நீ ஜன்னலுக்குப் போனால் இவளும் ஹால் ஜன்னலுக்குப் போனாள். நீ ஒரே இடத்தில் நின்றுவிட்டபோது, "என்னப்பா பண்றாங்க, சத்தமே காணோம்?" என்றாள்.

நீ எழுதிய அந்த வாக்கியத்தைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "ரேக் சாயறப்போ அதுதான்பா ஞாபகம் வந்துச்சு. அம்மா சொன்னது பலிச்சிடுச்சுன்னு தெரிஞ்சா அவங்க தாங்குவாங்களா?" நான் அதுவரை அவள் உன்னிடம் திட்டு வாங்கப் பயந்து ஒளிகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

நான் மேலே வந்து உன்னைக் கூட்டி வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். ஸ்டோர் ரூம் வாசலில் போய் நின்று ரேக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, மாடி வீடு நம்ம வீடா?"

"இல்லையே. வாடகைக்கு விட்டாச்சே."

"அம்மா நம்ம வீட்டுல இருக்கிற வரைக்கும் வர மாட்டேன்னுதானே சொன்னேன். மாடிக்குப் போக மாட்டேன்னு சொல்லலையே."

என்னையும் கூட வரக் கூடாது என்கிறாள். அதனால் இந்தத் தாளை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் இறங்கிவிடுகிறேன். நான் இறங்கியதும் அவள் ஏறுவாள். கைப்பிடியைப் பிடிக்க முடியாது, மெதுவாகத்தான் வருவாள். நீ பாட்டுக்கு ஓடி வந்து படியில் தாங்கிப் பிடிக்காதே, அவளுக்குப் பிடிக்காது.

பெல் அடிக்க அவளுக்குக் கை இல்லை. கதவைக் காலால்தான் தட்டுவாள். கோபத்தில் உதைக்கிறாள் என்று நினைத்துவிடாதே.

திற.